கறுப்பு வயரில் வந்த கறண்ட்

போன கிழமை வயரிங் வேலை செய்கிற ஒரு தம்பி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஏதோ பழைய வீடொன்றின் சுவிச்சுப் பலகை. கீழே இப்படி எழுதியிருந்தார்: “ஐயா, மெயின் ஓஃப். ஆனா கறுப்பு வயர்ல டெஸ்டர் எரியுது. பக்கத்து வீட்டுக்காரன் ஏதோ கள்ள வேலை செய்திரிக்கான் போல. என்ன செய்யட்டும்?”

எனக்கு இப்போது சின்ன எழுத்துப் பிடிபடுவதில்லை. மகள்தான் வாசித்துக் காட்டினாள். “வயர்ட மற்ற நுனியைக் காணும் வரைக்கும் ஒருத்தர்ட பேரையும் வாயில எடுக்காதீங்க தம்பி” என்று பதில் போடச் சொன்னேன். அவர் விடவில்லை. “ஏன் ஐயா?” என்று திருப்பிக் கேட்டார்.

அந்த ஏனுக்குப் பதில் போனில் எழுதி முடியாது. நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். இதில் பிழை செய்தவன் நான்தான் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாற்பது வருசத்துக்குக் கிட்ட மட்டக்களப்பிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் வயரிங் வேலை செய்தேன். தொழில் பழகியது எட்வின் பாஸிடம். அவர் போர்த்துக்கீச வழி வந்த பறங்கியர். ஒல்லியான ஆள், காக்கிக் காற்சட்டை, காதில் பென்சில். பழகின வருசங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சுவர் குடைந்தேன், ஏணி பிடித்தேன், ஏச்சு வாங்கினேன். ஆனால் அவர் ஒரு வீட்டுக்குள் போகிற விதத்தை மட்டும் சொல்ல வேண்டும்.

வேலை முடியும்வரை அவர் அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கமாட்டார். முதலில் வீட்டில் உள்ள எல்லோரையும் வெளியே விறாந்தைக்குக் கூப்பிட்டு எண்ணுவார். மெயினை ஓஃப் பண்ணுவார். பியூஸைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டு, பையின் பட்டனையும் பூட்டுவார். பிறகு டெஸ்டர் வைப்பார். டெஸ்டரை அவர் முழுசாக நம்புவதில்லை. அதற்குப் பிறகு டெஸ்ட் லாம்ப். ஒரு அறுபது வாட் பல்ப், ஒரு ஹோல்டர், இரண்டு வயர், அவ்வளவுதான். ஒரு நுனியை எர்த்தில் வைத்து மற்ற நுனியைச் சந்தேகப்படுகிற வயரில் வைப்பார். கண்டதை ஒரு சின்னக் கொப்பியில் எழுதுவார். நினைத்ததை எழுதமாட்டார். கண்டதை மட்டும்.

கரடியனாற்றில் வயல்காரப் போடியார் ஒருவரின் வீட்டில் நான் கூரைக்குள் ஏறி இரண்டு கையாலும் வயர் உரித்துக்கொண்டிருந்தேன். போடியாரின் தம்பிக்கு ரேடியோவில் கிரிக்கெட் கேட்க வேண்டுமாம். ஒருத்தரிடமும் சொல்லாமல் போய் மெயினைப் போட்டுவிட்டார். ஒன்றும் வரவில்லை. பியூஸ் எங்கே என்று தேடிக்கொண்டு விறாந்தைக்கு வந்தார். எட்வின் பாஸ் சட்டைப் பையின் பட்டனைக் கழற்றி, பியூஸை எடுத்து அவருக்கு முன்னால் பிடித்தார்.

“இதத்தான் தேடுறீங்களோ? மேல ஒரு பொடியன் கிடக்கிறான். அவனக் கொல்றதெண்டா வாங்கிக்கொண்டு போங்க.”

அன்றைக்கு நான் உயிரோடு இறங்கியது கடவுள் கிருபையாலும் அந்தப் பட்டனாலும்தான்.

ஆனால் எட்வின் பாஸிடம் இன்னொரு குணமும் இருந்தது. அவர் மனிசரை நம்பமாட்டார். வீட்டுக்காரன் பொய் சொல்லுவான், அவனுடைய மனிசி பாதி பொய் சொல்லுவா, பக்கத்து வீட்டுக்காரன் கள்ளன் என்பதுதான் அவருடைய கணக்கு. பல இடங்களில் அது சரியாகவும் இருந்தது. மீட்டருக்கு முன்னால் வயர் கொழுவியவர்களை, கிணற்று மோட்டரை வேலிக்கு மேலால் ஓடவிட்டவர்களை அவரோடு சேர்ந்து நானும் பிடித்திருக்கிறேன். டெஸ்ட் லாம்ப் பிடிக்கப் பழகியதோடு அந்தக் கண்ணையும் பழகிக்கொண்டேன். நான் சொல்லப் போகிற வீட்டில் என்னைக் கவிழ்த்தது அந்தக் கண்தான்.

வீடு புளியந்தீவில், வாவிக் கரையை ஒட்டிய ஒழுங்கையில். ஓட்டுக்கூரை, தடித்த சுவர், பெரிய மண்டபம். எங்கட பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் போகும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டுத் தகப்பனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள். இரண்டாவது வீடு கட்ட வசதி வரவில்லை. சின்னவளின் கலியாணத்தோடு மண்டபத்துக்குக் குறுக்கே ஒரு சுவர் எழுப்பி, முன் பாதியை மூத்தவளுக்கும் பின் பாதியை இளையவளுக்கும் சீதனமாகக் கொடுத்தார். பின் பாதிக்குப் புது மீட்டரும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

மூத்தவ றோசலின் அக்கா. அக்கா என்று ஊரே கூப்பிடும். என்னை விட இளையவ. புருசன் இல்லை, மகன் கட்டாரில். இளையவ பிலோமினா. அவவின் புருசன் அருளப்பு, ஒரு அரசாங்கக் கந்தோரில் சாரதி. வாவிப் பக்கத்துக் காணித் துண்டால் வந்த சண்டையில் இரண்டு வீடும் கதைப்பது நின்று வருசக் கணக்கு. எல்லோரும் ஒரே கோயில்தான். ஒரே பூசைக்கு வந்து ஆளுக்கொரு பக்கமாக முழங்காலில் நிற்பார்கள்.

மாதா கோயில் திருநாளுக்கு இரண்டு நாள் முந்தி, ஒரு வெள்ளிக்கிழமை காலையில், றோசலின் அக்கா ஆள் அனுப்பினா. போனேன். வலது கை மணிக்கட்டில் பிளாஸ்டர் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தா.

“உள்ளுக்கு வாங்க சூசையண்ணன். செருப்போடயே வாங்க. இந்த வீட்டு நிலத்தையும் இப்ப நான் நம்புறல்ல.”

“என்ன நடந்த?”

“மெயினை ஓஃப் பண்ணிட்டுத்தான் மேசையில ஏறின நான். திருநாள் வருதெண்டு பல்பைக் கழட்டி ஹோல்டரைத் துடைச்சன். உப்புக் காத்து, பச்சையாப் பூத்துக் கிடந்த. ஈரத்துணி. அப்படியே தூக்கி எறிஞ்ச.”

“மெயின் ஓஃப்தானா?”

“ரெண்டு தரம் பாத்த நான். எனக்கென்ன விசரா?”

பிறகு ஆறுதலாக இருந்து முழுக் கதையும் சொன்னா. இரண்டு மாதத்துக்கு முதல் மகன் காசு அனுப்பி, ஒரு வயரிங்காரரைப் பிடித்துப் புது ட்ரிப் சுவிச் போட்டிருக்கிறா. உங்களுக்குத் தெரிந்ததுதான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கறண்ட் சிவப்பு வயரில் போய், வேலையைச் செய்துவிட்டு, கறுப்பு வயரில் திரும்பி வரும். இப்போது மண்ணிறமும் நீலமும் என்று மாற்றிவிட்டார்கள். போனதும் வந்ததும் சமமா என்று ட்ரிப் சுவிச் பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சின்ன வித்தியாசம் என்றாலும் விழுந்துவிடும். றோசலின் அக்காவின் ட்ரிப் சுவிச் பகல் முழுக்க நன்றாக இருக்குமாம். பின்னேரம் பக்கத்து வீட்டில் செபம் தொடங்கினால் விழுமாம்.

“நாள் தவறாம, சூசையண்ணன். சுவருக்கு அங்கால அவங்க செபமாலை தொடங்குவாங்க. விசுவாசப் பிரமாணம் முடிய முன்னம் எனக்கு இருட்டு. தூக்கிவிட்டா திரும்பியும் விழும். அவங்க செபம் முடிச்சு எழும்பினாப் பொறகுதான் நிக்கும். செபம் பண்ணிக்கொண்டே அடுத்த வீட்டுக்கு இருட்டு அனுப்புற மனிசரை நீங்க எங்கயாவது கண்டிரிக்கீங்களா?”

ட்ரிப் போட்டவர் வந்து பார்த்தாராம். “பக்கத்துல ஆரோ உங்கட லைன்ல விளையாடுறாங்க” என்று சொல்லி, ட்ரிப் சுவிச்சையே கழற்றி வைத்துவிட்டுப் போய்விட்டாராம். விழுகிற தொல்லை தீர்ந்தது. மூன்றாம் கிழமையில் அவ மேசையிலிருந்து விழுந்தா.

நான் சிலுவை அடையாளம் போட்டு, சூசையப்பரை நினைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். மெயினை ஓஃப் பண்ணினேன். பியூஸைக் கழற்றிப் பையில் போட்டேன். அந்த ஹோல்டரில் டெஸ்டர் வைத்தேன். சிவப்பு வயர் செத்துக் கிடந்தது. கறுப்பு வயரில் டெஸ்டர் எரிந்தது.

கறுப்பில். மெயினும் பியூஸும் இல்லாத வீட்டில்.

டெஸ்ட் லாம்பை எடுத்தேன். ஒரு நுனியை எர்த் கம்பியில் பிடித்து மற்ற நுனியைக் கறுப்பில் வைத்தேன். பல்ப் எரியவில்லை. எடுத்துவிட்டுத் திரும்பவும் வைத்தேன். எரியவேயில்லை. டெஸ்டர் எரிகிறது, லாம்ப் எரியவில்லை. இது ஏன் என்று நின்று யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. வாவிக் கரை வீடு, எர்த் கம்பி உப்பில் கரைந்து போயிருக்கும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். ஏனென்றால் என் மனசு அதற்கு முதலே சுவரைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டது.

வெளியே இறங்கி, சுவர் ஓரமாக நடந்து, கூரைக்குக் கீழே வயர் ஏதும் வருகிறதா என்று அண்ணாந்து பார்த்தேன். அருளப்பு தன் முற்றத்தில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“என்ன சூசையண்ணன், காக்கா கூடு தேடுறீங்களா?”

“அருளப்பு, உங்கட மெயினை ஒரு ரெண்டு நிமிசம் ஓஃப் பண்ணுவீங்களா?”

துடைத்த கை நின்றது. “ஏன்? அவ கேக்கச் சொன்னவவா?”

“நான்தான் கேக்கிறன்.”

“அவட வளவுக்குள்ள நிண்டு கேட்டா அவ கேக்கிற மாதிரித்தான். நவநாள் நடக்குது. ஒன்பது நாளும் ஆண்டவர்ர விளக்கு அணையாம எரியுது. ஓஃப் பண்ண ஏலா.”

“ரெண்டு நிமிசம்தானே.”

“ரெண்டு செக்கனும் ஏலா. போய் அவட வேலையைப் பாருங்க.”

முகத்தைத் திருப்பிக்கொண்டார். மடியில் கனமில்லாதவன் ஏன் மறிக்கிறான் என்று நினைத்தேன். எட்வின் பாஸ் எனக்குள் எழும்பி நின்றார். இந்த ஆள் செய்திருக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

றோசலின் அக்கா ஒரு கொப்பித் தாளும் பேனையும் கொண்டு வந்து மேசையில் வைத்தா. “என்ர கை ஏலாது. நீங்க கண்டதை எழுதித் தாங்க. பொலிசுக்குக் குடுக்கணும்.”

எழுதினேன். மெயினை ஓஃப் பண்ணிய பிறகும் கறண்ட் இருந்தது என்று எழுதினேன். அது கண்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். பக்கத்து வீட்டிலிருந்து கள்ளமாக ஒரு வயர் கொழுவப்பட்டுள்ளது என்றும் எழுதி, கையெழுத்தும் போட்டேன். அந்த வயரை நான் காணவில்லை. காணாததை எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த வீட்டில் தேத்தண்ணியும் குடித்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை திருநாள் பூசை. வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு கொஞ்சம் நேரத்தோடு போனேன். கோயில் வாசல் வேப்பமரத்தடியில் அருளப்புவும் பிலோமினாவும் நின்றார்கள். நான் ஒதுங்கிப் போகப் பார்த்தேன். அருளப்பு முன்னால் வந்து நின்றார். வெள்ளிக்கிழமை இருந்த துடுக்கு அவரிடம் இல்லை.

“நாளைக்கு ஒன்பது மணிக்கு ஸ்டேசனுக்கு வரட்டாம். உங்கட கடிதத்தைத்தான் காட்டினவங்க. கறண்ட் வச்சுக் கொல்லப் பாத்த எண்டு வழக்கு வந்தா கந்தோரால நிப்பாட்டுவாங்க. பென்சனுக்கு எனக்கு எட்டு மாசம் இரிக்கு, சூசையண்ணன்.”

“நான் கண்டதைத்தான்…” என்று தொடங்கினேன்.

பிலோமினா பின்னால் நின்று, என்னைப் பார்க்காமல், கோயிலைப் பார்த்துக்கொண்டே சொன்னா.

“அக்கா எங்கட ஆண்டவர்ர விளக்கை அணைக்கிறா. ரெண்டு மாசமா. நாங்க ஒருத்தரிட்டயும் எழுதி வாங்கல்லயே.”

“எந்த விளக்கு?”

“திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னால எரியுற சின்னச் சிவப்பு பல்ப். அப்பா காலத்து விளக்கு. செபத்துக்குப் போட்டா ஒரு மின்னு மின்னிட்டு அணைஞ்சிரும். மறுகா கொஞ்ச நாள் ஒழுங்கா எரிஞ்ச. நவநாளுக்கு ஒன்பது நாளும் போட்டு விட்டம். அதுக்குள்ளயும் புதன்கிழமை ஒருக்கா அணைஞ்ச.”

புதன்கிழமைதான் றோசலின் அக்கா மேசையில் ஏறினது.

“வெள்ளிக்கிழமை?” என்று கேட்டேன். “வெள்ளிக்கிழமை காலம்பொற?”

“ஓம். நீங்க வந்த நேரம்தான். அணைஞ்ச. பொறகு ரெண்டு தரம் பத்தி, திரும்பி அணைஞ்ச. நீங்க போகக்குள்ள எரிஞ்ச. நீங்களும் அக்காவும் சேர்ந்துதான் விளையாடுறீங்களாக்கும் எண்டு நான் நினைச்ச.”

ரெண்டு தரம்.

நான் டெஸ்ட் லாம்பை அந்தக் கறுப்பு வயரில் வைத்தது இரண்டு தரம். ஒவ்வொரு தரமும் என் பல்ப் எரியாமல் கிடக்க, சுவருக்கு அங்கால் அந்த விளக்கு எரிந்திருக்கிறது. அந்தச் சின்னப் பல்ப் விடுகிற கறண்ட் என் அறுபது வாட் பல்பை எரிக்கப் போதாது. திரும்பி வர வழியில்லாமல் நின்ற கறண்டுக்கு நான் பிடித்த லாம்பே வழியாக இருந்திருக்கிறது.

முழுக் கணக்கும் அந்த வேப்பமரத்தடியில் எனக்கு வெளித்துவிட்டது. அந்த விளக்குக்குக் கறண்ட் போவது பிலோமினாவின் வீட்டிலிருந்து. திரும்பி வருவது றோசலின் அக்காவின் கறுப்பு வயரால். சுவர் எழுப்பியபோது வீட்டைப் பிரித்தார்கள், சிவப்பு வயர்களைப் பிரித்தார்கள், இந்த ஒரு கறுப்பை மட்டும் பிரிக்கவில்லை. விளக்கைப் போட்டால் அக்காவின் ட்ரிப் சுவிச் வழியாகப் போகாத கறண்ட் அது வழியாகத் திரும்பி வருகிறது. அது விழுகிறது. அது விழுந்தால் இங்கே விளக்கு அணைகிறது. அக்கா மெயினை ஓஃப் பண்ணினால் சிவப்போடு கறுப்பும் அறுபட்டு, அந்தக் கறண்ட் வழி இல்லாமல் கறுப்பு வயரிலேயே தேங்கி நிற்கிறது. யார் தொடுகிறார்களோ அவர்களூடாக நிலத்துக்கு இறங்கப் பார்க்கிறது.

கள்ள வயர் என்று ஒன்றும் இல்லை. கள்ளனும் இல்லை.

மணி அடித்தது. பூசைக்குள் போனேன். எல்லோரும் நற்கருணை வாங்க எழும்பினார்கள். நான் எழும்பவில்லை. பொய்ச்சாட்சி எழுதிய கையோடு எப்படிப் போவது? திருநாளன்று நற்கருணை எடுக்காமல் நான் வாங்குப் பலகையில் இருந்தது அன்றைக்குத்தான் முதல் தரம். பூசை முடிய சுவாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “இஞ்ச நிண்டு அழாம, போய்ப் பிழையைத் திருத்துங்க.”

ஞாயிற்றுக்கிழமை நான் வேலைக்குப் போகிறதில்லை. அன்றைக்குப் போனேன். பின்னேரம் மூன்று மணிக்கு அருளப்பு வீட்டுக் கதவைத் தட்டி, விளக்கின் பல்பைக் கழற்றி எடுத்துப் பையில் போட்டேன். பிறகு சுற்றிக்கொண்டு ஒழுங்கையால் முன் வீட்டுக்குப் போனேன். மெயினை ஓஃப் பண்ணிக் கறுப்பில் டெஸ்டர் வைத்தேன். எரியவில்லை. திரும்பி ஓடிப் பல்பைப் போட்டுவிட்டு வந்து வைத்தேன். எரிந்தது. இப்படி மூன்று தரம் செய்தேன். நாலாம் தரம் றோசலின் அக்கா வாசலில் மறித்தா.

“என்ன அங்கயும் இங்கயும் ஓடுறீங்க? அவன் உங்களுக்கு என்ன தந்தான்?”

“ஒருத்தரும் ஒண்டும் தரல்ல. நான் எழுதினது பிழை, அக்கா.”

“வெள்ளிக்கிழமை சரி, ஞாயிற்றுக்கிழமை பிழையா? கோயில் வாசல்ல அவங்களோட நிண்டு கதைச்சதைக் கண்ட நான்.”

“நான் காணாத வயரைக் கண்டதா எழுதிட்டன். இப்ப காட்டுறன், வாங்க.”

சீலிங் பலகை இரண்டைக் கழற்றினேன். உத்தரத்தை ஒட்டிப் பழைய மரப் பட்டிக்குள் வயர்கள் ஓடின. துணி சுற்றிய ரப்பர் வயர், தொட்டாலே உதிர்கிறது. சுவருக்குக் கிட்ட ஒரு உருண்டைப் பெட்டி. மூடியைத் திறந்தேன். அக்காவின் கறுப்பு வயர்கள் நாலு ஒரே முறுக்காகச் சேர்ந்திருந்தன. அதிலிருந்து ஐந்தாவதாக ஒன்று, சுவர் எழும்ப முன்னமே போட்டது, சுவரின் மேல் வரிக் கல்லுக்குள் புகுந்து அங்கால் போயிருந்தது. மேசன் அதைச் சுற்றியே சாந்து பூசியிருந்தார்.

அதை அப்படி விட்ட வயர்மேன் யார் என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் நான் ஏச மாட்டேன். கறுப்பு கடிக்காது என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் நினைத்தோம். சீதனத்துக்காகப் பிரித்த வீடுகளில் சிவப்பைக் கவனமாக வெட்டிவிட்டுக் கறுப்பை அப்படியே விட்டது நானும்தான். பின்னால் ஞாபகம் வந்த வீடுகளுக்கெல்லாம் கூலி கேட்காமல் போய்ப் பார்த்தேன். கல்குடாவில் ஒரு வீட்டில் என் கையாலேயே விட்ட ஒன்று கிடந்தது. அதை அறுத்துவிட்டு வந்தேன். ஞாபகம் வராத வீடுகளை ஆண்டவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மேசையில் நின்றபடி றோசலின் அக்காவுக்கு அந்த ஐந்தாவது வயரைக் காட்டினேன். ரோர்ச்சை இடது கையால் வாங்கித் தானே அடித்துப் பார்த்தா.

“இது அவன் புதுசாப் போட்டதில்ல எண்டு எப்படித் தெரியும்?”

“துணி சுத்தின வயர் இப்ப எந்தக் கடையிலயும் இல்ல. சாந்தைப் பாருங்க. உங்கட அப்பா கட்டின சுவர்ர சாந்துதான்.”

ரோர்ச்சை அணைத்தா. “அப்ப என்ர கறண்ட்டை அவங்க எடுக்கல்லயா?”

“இல்ல. அவங்கட கறண்ட்தான் உங்கட வீட்டால திரும்பிப் போய்க்கொண்டிருந்த. நீங்க மெயினைப் போட்டு வச்சாத்தான் அவங்கட விளக்கு எரிஞ்ச. இவ்வளவு வருசமும் அப்படித்தான்.”

“எனக்குத் தெரியாமலேயா?”

“அவங்களுக்கும் தெரியாது.”

அவ நம்பினாவோ இல்லையோ, நான் வேலையைச் செய்தேன். இரண்டு வீட்டு பியூஸும் என் பையில். அந்த ஐந்தாவது வயரை முறுக்கிலிருந்து கழற்றி, நுனியை மூடிக் கட்டினேன். பிலோமினாவின் வீட்டுப் பலகையிலிருந்து அந்த விளக்குக்குப் புதுக் கறுப்பு வயர் ஒன்று இழுத்தேன். கழற்றி வைத்திருந்த ட்ரிப் சுவிச்சை அக்காவின் பலகையில் திரும்பப் பூட்டி, இரண்டு பியூஸையும் அந்தந்த இடத்தில் போட்டேன். எல்லாம் முடிய வெளியே வெயில் சாய்ந்துவிட்டது.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். நாளைக் காலை நான் ஸ்டேசனுக்குப் போய் என் கடிதம் பிழை என்று எழுதிக் கொடுப்பேன். அதற்கு என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். ஆனால் முறைப்பாடு என்னுடையதில்லை. கொடுத்தவ றோசலின் அக்கா. அவ எடுக்காவிட்டால் அருளப்புவின் பேர் அந்தப் புத்தகத்தில் கிடக்கும். எட்டு மாசத்தில் வர வேண்டிய பென்சனும் அதோடு கிடக்கும். இதை அவவிடம் சொன்னேன்.

“இப்ப நான் மெயினை ஓஃப் பண்ணினா அவட விளக்கு அணையாதா?”

“அணையாது.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“பாத்தன்.”

“வெள்ளிக்கிழமையும் பாத்தன் எண்டுதான் சொன்னீங்க.”

குனிந்துகொண்டு நின்றேன். அவ பலகைக்குப் போய் இடது கையால் மெயினை இழுத்து ஓஃப் பண்ணினா. மண்டபம் இருண்டது.

“நான் போய்ப் பாத்துச் சொல்லவா?” என்று கேட்டேன்.

“வேணா. நீங்க இதிலயே நில்லுங்க. மெயின்ல கையை வைக்காதீங்க. என்ர கண்ணால பாத்தாத்தான் நான் நம்புவன்.”

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெளியே இறங்கினா. என்னை நம்பாமல்தான் போனா. அருளப்புவையும் நம்பவில்லை, தங்கச்சியையும் நம்பவில்லை. முன் கேற் திறக்கிற சத்தம் கேட்டது. ஒழுங்கையில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு பின் வீட்டுக் கேற். அது கறள் பிடித்த கேற், தள்ளச் சுணங்கினா போல.

நான் சுவருக்குக் கிட்டப் போய் நின்றேன். ஒட்டுக் கேட்பது பிழைதான். கேட்டேன்.

கேற் திரும்பச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு பிலோமினாவின் குரல், மெதுவாக: “படி உடைஞ்சிரிக்கு. கையைப் பாத்து.”

செருப்புச் சத்தம் உள்ளே போய் நின்றது. அவ அந்த விளக்குக்கு முன்னால் நிற்கிறா என்று நினைத்துக்கொண்டேன். கனநேரம் நின்றா.

“எரியுதுதான். இது எத்தினை வாட்?”

“பதினஞ்சு, மச்சாள்” என்றார் அருளப்பு.

“அப்பா அஞ்சு வாட்டுக்கு மேல போட விடமாட்டார்.”

“அஞ்சு இப்ப கடையில இல்ல, அக்கா” என்றா பிலோமினா.

“தேடிப் பாத்தியா?”

“பாத்த நான்.”

“எந்தக் கடையில?”

பிலோமினா ஏதோ ஒரு கடையின் பேர் சொன்னா. அங்கே கிடைக்காது, வேறொரு இடத்தில் கிடைக்கும் என்று அக்கா சொன்னா. கதிரை இழுபடும் சத்தம் கேட்டது.

“நாளைக்கு எத்தினை மணிக்கு வரச் சொன்னவங்க?”

“ஒன்பதுக்கு” என்றார் அருளப்பு.

“எட்டரைக்கு நான் வாசல்ல நிப்பன். சூசையண்ணனையும் கூட்டிக்கொண்டு போவம். அவர்தானே எழுதின.”

நான் இங்கே தலையை ஆட்டினேன், யாரும் பார்க்காவிட்டாலும். பிறகு அங்கே குரல் தணிந்துவிட்டது. என்ன கதைத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. சுவர் தடிப்பான சுவர். இடைக்கிடை ஒரு பீங்கான் சத்தம் மட்டும் கேட்டது. மெயினைப் போடச் சொல்லி ஒருத்தரும் வரவில்லை. இரண்டு வீட்டு ஆட்களும் அங்கே இருக்க, நான் இருட்டுக்குள் மெயினில் கை வைக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.